வாப்பாமார் எல்லாரும் எதிரணி

மருதமுனை
03.07.2025

செயலாளர்,
புளூ வேவ்ஸ் ஹொக்கிக் கழகம்.

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "முறைப்பாடு இருந்தா எழுத்தில தாங்க, உறுப்பினர் அவர்களே. கழக யாப்பில விதி பதினாலு அப்பிடித்தான் சொல்லுது" என்றீர்கள். என் தங்கச்சி ஸுஹைறாவைக் கலியாணம் முடித்தவர் நீங்கள். உங்கள் தங்கச்சி பஹ்மிதாவை முடித்தவன் நான். இரண்டு பக்கத்தாலும் மச்சான்மார். அப்படிப்பட்டவனை ஊர் பார்த்திருக்க 'உறுப்பினர் அவர்களே' என்று கூப்பிட்டீர்கள். சரி, எழுத்தில் தருகிறேன். இனி வாயால் ஒரு வார்த்தையும் கிடையாது.

சந்தியில் தொங்கும் பெனரில் 'இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவுக் கிண்ணம். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அணியில்' என்று போட்டிருக்கிறது. கூட்டத்தில் சொன்னபடியே, நேற்று நீங்கள் ஒட்டிய பட்டியலில் அணிகளைக் குடிப்படி பிரித்திருக்கிறீர்கள். ஆறு குடிக்கு ஆறு அணி.

செயலாளர் அவர்களே, குடி உம்மா வழியில் வருவது. ஒரே குடிக்குள் நாம் கலியாணம் முடிப்பதில்லை. அப்படியென்றால் ஊரில் எந்த வீட்டை எடுத்தாலும் வாப்பா ஒரு குடி, பொஞ்சாதியும் பிள்ளைகளும் வேறு குடி. இதை யோசிக்க நாலாம் வகுப்புப் படிப்புப் போதும். பட்டியலை மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு வாப்பாமார் இருக்கிறோம். ஒருத்தன்கூடத் தன் பிள்ளையோடு இல்லை.

நான் ஓடாவி குடி. என் மகள் ஸில்மியா அவளுடைய உம்மாவைப்போல மேலவீட்டுக் குடி. நீங்களும் மேலவீட்டுக் குடி. ஆகவே என் மகள் உங்கள் அணியில். பெனரில் இருக்கும் படத்தையும் பார்த்தேன். ஒரு ஸ்டிக்கை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதில் பிள்ளை என்னுடையது. பெற்றோர் நீங்கள்.

'வெளிநாட்டால வந்த ஆக்களுக்கு ஊர் வழமை விளங்காது' என்று கூட்டத்தில் ஒரு சொல் சொன்னீர்கள். ஒன்பது வருடம் தோஹாவில் தண்ணீர் பவுசர் ஓட்டினேன்தான். நோன்புக்கு முன் ஒரேயடியாக வந்துவிட்டேன். வந்து நாலு மாதம் கழித்தும் நான் 'வந்த ஆள்' என்றால், எப்போது இருக்கிற ஆள் ஆவேன் என்பதையும் யாப்பைப் பார்த்துச் சொல்லவும்.

என்னை ஸில்மியாவின் அணியில் போட வேண்டும். அது ஒன்றுதான் என் கோரிக்கை.

றாஸிக்
(ஸில்மியாவின் வாப்பா)

இதை அவளுடைய ஸ்டிக் பையில் வைத்து அனுப்புகிறேன். பதிலையும் அதிலேயே வைக்கவும்.


06.07.2025
எமது இல: புவே/25/முறை/01

உறுப்பினர் றாஸிக் அவர்களுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். தங்களின் 03ஆம் திகதிய முறைப்பாடு கிடைத்தது. யாப்பு 14(ஆ)வின்படி முறைப்பாடு இரண்டு பிரதிகளில் இருத்தல் வேண்டும். தாங்கள் ஒன்றுதான் தந்திருக்கிறீர்கள். அந்த ஒன்றிலும் நெத்தலிப் பொரியலின் எண்ணெய் பட்டிருக்கிறது. தங்கள் வீட்டில் என் தங்கச்சி அதைப் படித்துவிட்டாள் என்று இதிலிருந்து விளங்குகிறது. எனினும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

குடிப்படி பிரித்ததன் காரணம் பின்வருமாறு. போன வருடம் வீதிப்படி பிரித்தோம். மூன்றாம் வீதியும் நாலாம் வீதியும் இன்றுவரை ஒரு கடையில் தேத்தண்ணி குடிப்பதில்லை. அதற்கு முந்திய வருடம் வயதுப்படி பிரித்தோம். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் அணிக்கு ஒருவர்கூட வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் நாற்பத்தொன்பதாம். கந்தூரிச் சோற்றையே குடிப்படி பங்கு வைத்த ஊர் இது. குடிப்படி என்றால் சண்டை வராது, குடும்பம் குடும்பமாக விளையாடலாம் என்று செயலாளர் முன்மொழிந்தார். சபை ஏகமனதாக ஏற்றது.

குடும்பம் என்றதும் சபையில் இருந்த பதினொருவரும் நமது உம்மாவையும் தங்கச்சிமாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும்தான் நினைத்தோம். பொஞ்சாதிமாரை ஒருவரும் நினைக்கவில்லை. இது ஒரு சிறு தவறுதல் என்று இத்தால் ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் பட்டியலைப் பள்ளி மைக்கில் அறிவித்தாயிற்று. ரீசேட்டும் ஆறு நிறத்தில் அச்சாகிவிட்டது. மாற்ற ஏலாது. காலையில் மதிலுக்குள் நடக்கும் உம்மாமார் போட்டியில் எந்தச் சிக்கலும் இல்லை என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன். அங்கே எல்லாப் பிள்ளைகளும் உம்மாவோடு.

படத்தைப் பற்றி: கழகத்திடம் இருந்த நல்ல படம் அதுதான். ஸில்மியாவுக்கு ஐந்து வயதிலிருந்து ஸ்டிக் பிடிக்கப் பழக்கியது செயலாளர். தாங்கள் அப்போது ஊரில் இல்லை. இது குற்றச்சாட்டு அல்ல, தகவல்.

கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

நஸீர்
செயலாளர்
(கழக முத்திரை)

பி.கு: இனிக் கழகத்திலிருந்து வரும் கடிதத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். முத்திரை இல்லாத கடிதம் வெறும் கடதாசி.


09.07.2025

செயலாளர் அவர்களுக்கு,

இதோ இரண்டு பிரதி. ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் ஃபைலுக்கு. உங்கள் முத்திரையையும் பார்த்தேன். கோணலாக விழுந்திருக்கிறது.

நிராகரித்துவிட்டீர்கள். சரி. இப்போது வேறு ஒரு விண்ணப்பம். ஓடாவி குடியிலிருந்து என்னை நீக்கி மேலவீட்டுக் குடியில் சேர்க்கும்படி கேட்கிறேன். காரணம் சொல்கிறேன். நான் இருப்பது உங்கள் உம்மா பஹ்மிதாவுக்குக் கொடுத்த வீட்டில். தின்பது அந்த வீட்டுச் சோறு. உங்கள் குடியில் யார் மௌத்தானாலும் மையித்து வீட்டில் கதிரை அடுக்குவது நான். உங்கள் மூத்தம்மாவின் கத்தத்துக்கு மூன்று கிடாய் உரித்தது யார்? அந்தக் குடிக்குள் சோற்றுச் சட்டி தூக்கலாம், ஹொக்கி ஸ்டிக் தூக்க ஏலாதா?

இதற்கும் மாட்டேன் என்றால் வாப்பாமாரின் மனு வரும். பதினேழு பேர் கையொப்பம் வைத்துவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து புது ஸ்டிக் எடுப்பித்திருக்கிறேன். முற்றத்தில் ஆளில்லாத நேரம் பழகுகிறேன். நேற்றுப் பந்து கோழிக்கூட்டுக்குள் போனது. ஸில்மியா ஜன்னலால் பார்த்துவிட்டு, "வாப்பா, கைப்பிடி தலைகீழா இரிக்கி. மாமாக்கிட்டக் கேளுங்க, காட்டித் தருவார்" என்றாள். மாமாவிடம் கேட்கமாட்டேன்.

றாஸிக்


13.07.2025
எமது இல: புவே/25/முறை/02

உறுப்பினர் றாஸிக் அவர்களுக்கு,

தங்களின் குடிமாற்ற விண்ணப்பத்தைத் தீர்மானிக்கக் கழகத்துக்கு அதிகாரமில்லை. ஆகையால் பள்ளிவாசலில் எமது குடியின் மரைக்கார் கச்சிமுகம்மது அவர்களிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் பின்வருமாறு சொன்னார்.

மனிதன் நாடு மாறலாம், வீடு மாறலாம், குடி மாற ஏலாது. அப்படியே பேச்சுக்கு மாற்றினாலும், தாங்கள் மேலவீட்டுக் குடிக்கு வந்த அந்த நிமிடமே பஹ்மிதாவுக்குக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் முறையாகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாங்கள் என்ன முறையில் இருப்பது என்று மரைக்காரால் சொல்ல முடியவில்லை. பஹ்மிதாவிடம் கேட்டேன். "நல்லந்தானே. காக்காவெண்டா அவர்ர பொஞ்சாதி சமைச்சுக் குடுப்பாதானே" என்றாள்.

தங்கள் மனுவைப் பற்றி: கையொப்பமிட்ட பதினேழு பேரில் பதினாலு பேர் என்னை வந்து சந்தித்து, தத்தம் பெயரை வெட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். பிள்ளையின் அணி என்றால் பொஞ்சாதியின் குடி. மாமியார் கதிரை போட்டு முன்வரிசையில் இருப்பார். பந்தைத் தவறவிட்டால் அந்தக் கதை ஆயுளுக்கும் அந்த வீட்டில் ஓடும் என்று இப்போதுதான் அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. எதிரணியில் நின்று தோற்பது மரியாதை என்கிறார்கள். மீதி மூன்று பேரில் ஒருவர் தாங்கள். ஒருவருக்கு மாமியார் இல்லை. மற்றவர் எதில் கையொப்பம் வைத்தோம் என்று தெரியாது என்கிறார்.

ஆகவே இரண்டாவது விண்ணப்பமும் நிராகரிக்கப்படுகிறது.

நஸீர்
செயலாளர்
(கழக முத்திரை)


20.07.2025

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் தீர்ப்பை மனநிறைவோடு ஏற்றுக்கொள்கிறேன். குடியென்றால் குடிதான். வழமையை மீறக்கூடாது.

ஓடாவி குடியின் அணித்தலைவராக என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். பெயர் கொடுத்தவர்களில் அணிக்கு ஏழு பேர், மூன்று பெரியவர், நாலு பிள்ளைகள் என்ற விதிப்படி பெயர்ப்பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளில் முதலாவது பெயரை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நஸீர் நூஹு. வயது ஒன்பது. கோல் கீப்பர்.

இந்தப் பெயரைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தங்கள் வீட்டில்தான் இருக்கிறான். என் தங்கச்சி பெற்ற பிள்ளை என்பதால் அவன் என் குடி. தாங்கள் போட்ட விதி.

அவனுக்கு வேறு யாரும் ஒருநாளும் ஸ்டிக் கொடுத்ததில்லையாம். பழைய மெத்தைப் பஞ்சை வெட்டி, ஸுஹைறா சாறன் துணியில் உறை தைத்து, காலுக்குக் காப்பு இரண்டு செய்து கொடுத்தோம். கட்டிக்கொண்டு நடந்தால் இரண்டு தலையணை நடந்து வருவதுபோல இருக்கிறது. ஆனால் பந்துக்குப் பயமில்லாத பிள்ளை. இரண்டு மூங்கிலுக்கு நடுவே கரைவலைத் துண்டைக் கட்டி, தினமும் அஸருக்குப் பிறகு நாற்பது பந்து அடிக்கிறேன். நான் அடிப்பதில் பாதி கோலுக்கு வராததால் அவனுக்கு ஓய்வும் கிடைக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
றாஸிக்
அணித்தலைவர், ஓடாவி குடி


24.07.2025
எமது இல: புவே/25/பொது/09

அணித்தலைவர் அவர்களுக்கு,

தங்கள் பெயர்ப்பட்டியல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பயிற்சி தொடர்பாகப் பின்வரும் விடயங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன.

கோல் கீப்பர் மஃரிபுக்கு முன் வீடு வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை பாங்கு சொல்லியும் வரவில்லை.

கோல் கீப்பர் கால்காப்பைக் கட்டிக்கொண்டு சாப்பிட வருகிறார். கழற்றச் சொன்னால் மாமா பழகச் சொன்னார் என்கிறார். படுக்கையிலும் கழற்றுவதில்லை.

கோல் கீப்பர் நேற்று, தன் தகப்பனும் இருபது வருடமாக இந்தக் கழகத்தில் விளையாடியவருமான செயலாளரிடம், "நீங்க பந்துக்குக் குனியிறது பிழையெண்டு மாமா சொன்னார்" என்றார். தங்களுக்கு ஹொக்கி தெரிய வந்து மூன்று வாரம் ஆகிறது. இதை எந்த அடிப்படையில் சொன்னீர்கள் என்று எழுத்தில் தரவும்.

காலையில் எழும்பினால் மாமா. பள்ளிக்கூடத்தால் வந்தால் மாமா. கணக்குக் கொப்பியில் மாமா ஸ்டிக் பிடிக்கிற மாதிரிப் படம் கீறியிருக்கிறான். நான் அவனுடைய வாப்பா, ஒரே வீட்டில் அவனோடு ஒன்பது வருடமாக இருக்கிறவன். என்னிடம் ஒருநாளும் ஸ்டிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா? பஞ்சு மெத்தையா கட்டியிருப்பேன்? நல்ல காப்பே எடுத்திருப்பேன்.

மேலே உள்ள பந்தி அலுவலகத் தன்மையற்றது. கவனத்தில் கொள்ள வேண்டாம்.

நஸீர்
செயலாளர்
(கழக முத்திரை)


27.07.2025

நஸீர்,

செயலாளர் என்று எழுத இன்றைக்கு மனமில்லை.

அவன் கேட்டான். உன்னிடம் இல்லை, என்னிடம் கேட்டான். ஏன் வாப்பாவிடம் கேட்கவில்லை என்று விசாரித்தேன். "வாப்பா ஸில்மியா ராத்தாக்குத்தான் பழக்குவார். எனக்கு ஓடத் தெரியா" என்றான். நீ என் மகளுக்குப் பந்து தள்ளிக் கொடுத்த வருடமெல்லாம் அவன் மதிலுக்கு மேலே இருந்து பார்த்திருக்கிறான்.

இதை எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறுதலாக இல்லை.

கேள். நான் தோஹாவுக்குப் போனது என்னத்துக்கு? ஸுஹைறாவுக்கு வீடு கட்ட. தங்கச்சிக்கு வீடு இல்லாமல் காக்காமார் எப்படி நிம்மதியாக இருப்பது? அந்த வீட்டில்தான் நீ இருக்கிறாய். நான் இருக்கிற வீட்டின் மதிலையும் கிணற்றையும் கட்டியது நீ. உன் உழைப்பில் நான் இருக்கிறேன், என் உழைப்பில் நீ இருக்கிறாய். அதில் எனக்கு ஒருநாளும் மனக்குறை வந்ததில்லை. ஆனால் போன மாதம் ஸில்மியாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான் பக்கத்தில் நெற்றியில் கை வைத்துக்கொண்டு இருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு "மாமா" என்று கூப்பிடுகிறாள். பஹ்மிதா என்னைப் பார்க்காமல் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

நீ களவெடுத்தாய் என்று சொல்லவில்லை. நான் இல்லாத இடத்தில் நின்றாய். அது பெரிய உதவி. ஆனால் அவள் என்னோடு கதைக்கும்போது விருந்தாளியோடு கதைப்பதுபோலக் கதைக்கிறாள். தேத்தண்ணி குடிச்சீங்களா, வெயிலுக்குள்ள போகாதீங்க, அவ்வளவுதான். ஒரே ஒரு நாள், ஒரே நிற ரீசேட் போட்டுக்கொண்டு, அவள் பந்தை எனக்கு அடிக்க வேண்டும், நான் அதைத் தவறவிட வேண்டும், அவள் எனக்கு ஏச வேண்டும். அதற்குத்தான் இந்த முறைப்பாடெல்லாம். உனக்கு இது விளங்கவில்லை, யாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

நூஹு பஞ்சுக் காப்போடே விளையாடட்டும். நீ வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டான், ஆனால் என் மனம் நோகும்.

றாஸிக்

கைப்பிடி இன்னும் சரியாக வரவில்லை.


17.08.2025
எமது இல: புவே/25/ஒழுக்கம்/01

உறுப்பினர் றாஸிக் அவர்களுக்கு,

நேற்றுக் கடற்கரை மைதானத்தில் மேலவீட்டுக் குடிக்கும் ஓடாவி குடிக்கும் நடந்த இறுதிப் போட்டி தொடர்பாகத் தங்களிடம் விளக்கம் கோரப்படுகிறது. மத்தியஸ்தம் வகித்த கல்முனை அருட்பிரகாசம் சேர் தந்த அறிக்கை இது:

'ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமம். முடிய ஐந்து நிமிடம் இருந்தது. மேலவீட்டு அணியின் ஸில்மியா பந்தோடு தனியே கோல் வட்டத்துக்குள் வந்தார். அவரைத் தடுக்க வேண்டிய ஓடாவி அணித்தலைவர் றாஸிக் தடுக்காமல் நின்று, "இடப்பக்கம் அடி மகள், இடப்பக்கம்" என்று எதிரணி வீராங்கனைக்கு வழி சொன்னார். அதே நேரம் மேலவீட்டு அணித்தலைவர் நஸீர், எதிரணிக் கோல் கீப்பர் நூஹுவைப் பார்த்து, "முன்னுக்கு வா மகன், கோலை விட்டு வெளிய வந்து மறி" என்று கத்தினார். கோல் கீப்பர் வந்தார். பந்து இடப்பக்கத்தால் போனது. கோல். முப்பது வருடம் விசில் ஊதுகிறேன், தன் அணிக்கு எதிராகக் கத்துகிற இரண்டு தலைவர்களை ஒரே நிமிடத்தில் கண்டதில்லை. என்ன விதியில் பிடிப்பது என்று தெரியாமல், கூச்சல் போட்டதற்காக இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டி, ஆட்டம் முடியும்வரை மைதான ஓரத்தில் கிடந்த ஒரே மர வாங்கில் இருத்தினேன்.'

தாங்கள் ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். இதே கடிதத்தைச் செயலாளர் நஸீருக்கும் செயலாளர் அனுப்பியிருக்கிறார். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

நஸீர்
செயலாளர்
(கழக முத்திரை)


19.08.2025

செயலாளர் அவர்களுக்கு,

விளக்கம் கேட்டீர்கள். இதுதான் விளக்கம்.

அவள் ஓடி வந்ததைக் கண்டேன். ஸ்டிக்கை நிலத்தோடு வைத்து, தலையை நிமிர்த்தாமல், காற்றில் முக்காடு பறக்க வந்தாள். என் மகள் இப்படி ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. பஹ்மிதா அனுப்பிய வீடியோக்களில் அவள் நிற்பாள், சிரிப்பாள், சலாம் சொல்லுவாள். பந்தோடு என்னை நோக்கி ஓடினதை நான் பார்த்ததில்லை. நான் எந்த நிற ரீசேட் போட்டிருக்கிறேன் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. நூஹு வலப்பக்கம் சாய்ந்து நின்றான், இடப்பக்கம் கிடந்தது. வாயில் வந்துவிட்டது.

இதன் பலன்: எங்கள் குடியில் என்னோடு யாரும் கதைப்பதில்லை. ஓடாவி குடி மரைக்கார் வீட்டுக்கே வந்து, இரண்டாம் விண்ணப்பத்தைத் திரும்பப் போடு, நாங்களும் கையொப்பம் வைக்கிறோம், உன்னை மேலவீட்டார் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நூஹு மட்டும் என் பக்கம். உன்னிடம் அவன் ஏசினதாகச் சொன்னான். "நீங்க கூப்பிட்டதாலதானே வாப்பா வந்தன்" என்று கேட்டானாம். நீ ஏன் கூப்பிட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு விளங்கும்.

வாங்கில் ஐந்து நிமிடம் இருந்தோம். நீ தண்ணீர்ப் போத்தலை நடுவில் வைத்தாய். நானும் குடித்தேன். கதைக்கவில்லை. விசில் ஊதியதும் ஸில்மியா வாங்கை நோக்கி ஓடி வந்தாள். நான் பாதி எழும்பிவிட்டேன், நஸீர். நீ கண்டிருப்பாய். அவள் உன் கழுத்தைக் கட்டிப் பிடித்து, காதில் என்னவோ சொன்னாள். ஒரு முழ தூரத்தில் நான். நான் போத்தலின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினேன். பூட்டின மூடியைத்தான் பூட்டினேன்.

அதனால்தான் பரிசளிப்புக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். அதற்கும் யாப்பில் தண்டனை இருந்தால் போடவும்.

கிண்ணம் உங்களுக்கு, படமும் உங்களுக்கு. அடுத்த பெனருக்கு உதவும்.

றாஸிக்


21.08.2025

மச்சான்,

இதற்கு இலக்கம் போடவில்லை. முத்திரையும் கழகக் கந்தோர் மேசைக்குள் கிடக்கிறது. ஸில்மியாவின் பையில் வைக்க ஏலாத கடிதம் என்பதால் ஸுஹைறாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் வாசிப்பாள். வாசிக்கட்டும். இவ்வளவு நாளும் இவளும் பஹ்மிதாவும் நம்முடைய ஒவ்வொரு கடிதத்தையும் போனில் ஒருவருக்கு ஒருவர் வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். நேற்றுத்தான் தெரிய வந்தது.

முதலில் யாப்பு 22 பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடத்துச் சண்டைக்குப் பிறகு நான்தான் அதை எழுதினேன். பரிசளிப்பு முடியும்வரை வீரர்கள் எதிரணியினரைத் தொடவோ அவர்களோடு சேரவோ கூடாது. பெரியவர்கள் ஒருவரும் மதிக்காத விதி. ஆனால் பிள்ளைகளுக்கு நான் அதைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவள் வாங்குக்கு ஓடி வந்தது உன்னிடம், மச்சான். வந்து, உன் ரீசேட்டின் நிறத்தைப் பார்த்து, நின்று, என்னைப் பிடித்துக்கொண்டாள். காதில் முதலில் கேட்டது, "பரிசு குடுத்து முடிய எவ்வளவு நேரம் மாமா செல்லும்?" என்றுதான். பரிசு வாங்கிக்கொண்டு மைதானம் முழுக்க உன்னைத் தேடினாள். நீ போய்விட்டாய். வீட்டுக்கு வந்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக் கிடந்தாயாம். வாப்பா தோத்த கவலையில இரிக்கார் என்று நினைத்து, அவள் கிண்ணத்தை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். போய்ப் பார்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு முழ தூரத்தில்தான் இருந்தாய். கதைப்பதில்லை என்ற வைராக்கியத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மாப்புக் கேட்கிறேன்.

ஆறு வருடமாக அந்தப் பிள்ளைக்கு நான் கத்துகிறேன். என் சத்தத்துக்கு அவள் ஒருநாளும் உடனே அடித்ததில்லை. கோலைப் பார்ப்பாள், யோசிப்பாள், பிறகு தன் விருப்பத்துக்கு அடிப்பாள். சனிக்கிழமை அவள் கோலைப் பார்க்கவே இல்லை. நீ சொன்ன பக்கம் அடித்தாள். பிறகு என் காதில் சொன்னது இது. அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்:

"மாமா, வாப்பாட சத்தம் இவ்வளவு பெரிசா? போன்ல சின்னனாத்தானே கேக்கிற."

 ஓம் என்றேன்.

நூஹு இன்னும் என்னோடு கோபம். மாமா நீ சொல்லிச் சமாதானம் செய்து வை. நான் அவனுக்குக் காப்பு வாங்கவில்லை. பஞ்சு கிழிந்த இடத்தை நானே தைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றான்.

நஸீர்


22.08.2025

மச்சான்,

கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். நாலாவது தரம் பஹ்மிதா வாசிக்கக் கேட்டேன். அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன். கிண்ணத்தை எடுத்து முன்னறையில் வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நின்று, இடப்பக்கம் அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். "ஓம், ஆனா உங்கட கைப்பிடி இன்னும் பிழை வாப்பா" என்று ஏசினாள். நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் அரைமணித்தியாலம் ஏசிக்கொண்டே காட்டித் தந்தாள்.

நூஹுவை நான் பார்த்துக்கொள்கிறேன். நாளையிலிருந்து நீ அவனுக்குப் பந்து அடி. நான் மதிலுக்கு மேலே இருந்து பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு முறைப்பாடு. யாப்பு பதினாலின்படி இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தில் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத கடிதம் வெறும் கடதாசி என்று எழுத்தில் தந்தவன் நீ. மகள் சொன்ன அந்த வரிக்கு நேர் கீழே கழகத்தின் முத்திரையைக் குத்தித் தர வேண்டும். பையில் வைத்து அனுப்பமாட்டேன். இன்றைக்கு அஸருக்குப் பிறகு நானே கொண்டுவருகிறேன். ஸுஹைறாவிடம் தேத்தண்ணி ஊற்றச் சொல்.

போன முறைபோல் கோணலாகக் குத்திவிடாதே.

றாஸிக்